மூன்று ஞாயிறு, மூன்று சட்டம்

போன மாதம் எங்கள் தேனீ வளர்ப்போர் சந்திப்பு என் தோட்டத்தில் நடந்தது. வழக்கம்போல ஆளுக்கொரு கதை, அப்புறம் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது. என் இரண்டாவது பெட்டியைத் திறந்ததும் பெரியவர் ஒருவர் அடையை வெயில் பக்கம் சாய்த்துப் பிடித்து, "தம்பி, ராணி போய் ரொம்ப நாளாச்சு" என்றார்.

வாசலில் மகரந்தம் வந்துகொண்டே இருந்ததால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன். அவர் காட்டிய அறைக்குள் குனிந்து பார்த்தேன். ராணி முட்டையிட்டால் அறைக்கு ஒன்று, அதுவும் அடியில் நடுவில் நிற்கும். இங்கே ஒரே அறையில் நாலைந்து, பாதி சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தன. ராணி இல்லாத கூட்டில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிட ஆரம்பித்துவிட்டன. அந்த முட்டைகள் கருவுறாதவை, எல்லாம் ஆண் தேனீயாகத்தான் வரும், அப்படியே விட்டால் கூடு மெல்ல காலியாகிவிடும்.

புது ராணியை வாங்கி விடலாமே என்றேன். இந்த நிலைமையில் உள்ளே விட்டால் பெரும்பாலும் கொன்றுவிடும் என்று சிரித்தார்கள். அதற்குப் பதிலாக வாரம் ஒரு சட்டம், அதாவது அடை கட்டிய மரச்சட்டம், இளம் புழுவும் முட்டையும் உள்ளதாக, வேறு பெட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். புழுக்களிடமிருந்து வரும் வாசனைதான் வேலைக்காரிகளின் முட்டையிடலை அடக்குகிறது. அது அடங்கினால் அந்த இளம் புழுவிலிருந்தே தேனீக்கள் புது ராணியை வளர்த்துக்கொள்ளும்.

சட்டத்துக்கு நான் எங்கே போவது? மூன்று பேர் ஆளுக்கு ஒன்று தருவதாகச் சொன்னார்கள். சும்மா தூக்கிக்கொண்டு வரவில்லை. நோய் கூடவே வந்துவிடக் கூடாதென்று, சந்தேகமான புழு அறை ஒன்றின் மூடியைக் கீறி உள்ளே தீக்குச்சியை விட்டு இழுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருப்பது நூல்போல நீண்டால் புழு அழுகல் நோய், அந்தப் பெட்டியையே தொடக் கூடாது. அப்புறம் தேனீக்களை மென்மையாகத் தட்டிவிட்டு, முட்டை காயாமலிருக்க ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் ஒன்றும் இல்லை, நான் பெட்டியைக் கலைத்துவிடலாம் என்றே முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்றாவது சட்டம் வைத்து எட்டாம் நாள் திறந்தேன், அடையின் நடுவிலிருந்து நிலக்கடலை மாதிரி இரண்டு ராணி அறைகள் தொங்கிக்கொண்டிருந்தன, இரண்டும் மூடியாயிற்று!

இத்தாலியத் தேனீ என்பதால் முட்டையிலிருந்து 16 நாளில் ராணி வெளிவரும், அப்புறம் பறந்துபோய்க் கூடித் திரும்பி முட்டையிட இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை பெட்டியைத் திறக்காதே என்று மூவரும் தனித்தனியாக எச்சரித்திருக்கிறார்கள். கை அரிக்கிறது.

சரி, அடுத்த சந்திப்பில் தேனீக்கள் மேல் ஒட்டியிருக்கும் உண்ணிக்கான சோதனை. அரை கப், அதாவது சுமார் 300 தேனீக்களைப் பொடித்த சர்க்கரையில் உருட்டிக் குலுக்கி, உதிரும் உண்ணிகளை எண்ணுவோம். மூடியில் வலை அடித்த பாட்டில் யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள், என்னுடையது உடைந்துவிட்டது.