38 பிள்ளைகளோடு எழும்பூர் மியூசியம்

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை. இந்த வருடம்தான் நடந்தது. கிளம்ப நினைக்கும் மற்ற ஆசிரியர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் சறுக்கல் தேதியில். பரீட்சை அட்டவணையைப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்து, எச்.எம்.மிடம் கையெழுத்து வாங்கி, பெற்றோர் ஒப்புதல் படிவமும் கொடுத்துவிட்டேன். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை! 38 படிவங்களையும் திரும்ப வாங்கி, தேதியை மாற்றி, மறுபடி வீடுகளுக்கு அனுப்புவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. புதன்கிழமைக்கு மாற்றினோம். மாணவர் எண்ணிக்கை, வகுப்பு, உடன்வரும் ஆசிரியர்கள், வந்துசேரும் நேரம் எல்லாம் எழுதி, பள்ளி முத்திரையோடு மியூசியத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். அதன் நகல் ஒன்று எப்போதும் கைப்பையில் இருந்தது.

பேசி வைத்திருந்த வேன்காரர் கடைசி வாரத்தில் வாடகையை ஏற்றிவிட்டார். அந்தப் பணத்தைப் பெற்றோரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மின்சார ரயிலில் போகலாம் என்று முடிவெடுத்தோம். செங்கல்பட்டிலேயே புறப்படும் வண்டி என்றால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும். தாம்பரத்துக்குப் பிறகு கூட்டம் நெரியும் என்பதால், ஆசிரியருக்கு ஒன்பது பத்துப் பிள்ளைகள் எனப் பிரித்து, இறங்கும் வாசலையும் முன்பே சொல்லி வைத்தோம்.

எல்லாவற்றையும் விட உதவியது, இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை நான் மட்டும் தனியாகப் போய் வந்ததுதான். 1851இல் தொடங்கிய இடம். 6 கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். சாயங்காலம் வெளியே வரும்போது எனக்கே கால் கடுத்துவிட்டது. கடைசி இரண்டு மணி நேரம் பார்த்தது எதுவும் நினைவில் நிற்கவில்லை. எல்லாவற்றையும் காட்ட நினைத்தால் பிள்ளைகள் கண்ணில் எதுவுமே தங்காது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று இடம் போதும் என்று வைத்துக்கொண்டேன்: ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் சேகரித்த ஆதிமனிதர்களின் கல்லாயுதங்கள், ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்கள், வெண்கலக் கூடம். ஆதிச்சநல்லூர்ப் பொருட்களை விட மனமே இல்லை, இருந்தும் விட்டேன். கழிப்பறை எங்கே, சாப்பிட நிழல் எங்கே என்று பார்த்து வைத்ததும் அன்றுதான். பெண் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

பிள்ளைகளிடம் நீளமான கேள்வித்தாள் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள், பரீட்சை அட்டை, பென்சில். பிடித்த பொருள் ஒன்றின் முன்னால் கால் மணி நேரம் நிற்க வேண்டும், வரைய வேண்டும், மனதில் எழும் கேள்விகளை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அமராவதிக் கூடத்தில், புத்தர் கதையில் வரும் நளகிரி யானையின் சிற்பத்தின் முன்னால் பையன்கள் கூடிவிட்டார்கள். "இதுல ரெண்டு யானை இருக்கு டீச்சர்" என்றான் ஒருவன். பக்கத்தில் நின்றவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இல்லடா, ஒரே யானைதான். இங்க மதம் பிடிச்சு ஓடி வருது, அங்க புத்தர் கால்ல விழுது" என்றான். ஒரே வட்டத்துக்குள் முன்னும் பின்னும் நடந்ததைச் சிற்பி சேர்த்துச் செதுக்கியிருப்பதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வெண்கலக் கூடத்தில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரை வரைந்துகொண்டிருந்தாள். தாளில் கையை வரைந்து, அழித்து, திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "டீச்சர், இந்தப் பக்கம் ரெண்டு கை, அந்தப் பக்கம் ஒரு கைதான் இருக்கு. உடைஞ்சிடுச்சா?" உடையவில்லை, சிவன் பாகத்துக்கு இரண்டு, அம்மன் பாகத்துக்கு ஒன்று என்றேன். வலது கை ஒன்று காற்றில் ஊன்றியதுபோல் இருப்பது ஏன் என்று அடுத்துக் கேட்டாள். காளை மேல் சாய்ந்து நிற்கும் பாவனை என்று சொன்னதும், அந்த இடத்தில் தானே ஒரு காளையை வரைந்துவிட்டாள். அந்தச் சிலையை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூடக் கையை எண்ணியதில்லை.

மதியம் மர நிழலில் புளிசாதம். பிறகு திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்க எல்லோரையும் விட்டுவிட்டேன். அது அவர்களே கேட்டது.

கல்லாயுதங்களைக் காட்டும்போது, 1863 மே மாதம் பூட் முதல் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில், ஒரு சரளைக் குழியில் என்று சொல்லியிருந்தேன். காலையில் அதே ஊரைத் தாண்டித்தான் வந்தோம், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பும்போது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். வண்டி பல்லாவரத்தில் நின்றதும் ஜன்னலோரப் பையன் பக்கத்தில் இருந்தவனைத் தட்டி எழுப்பினான்.

"டேய், எந்திரி. அந்தக் கல்லு கிடைச்ச ஊரு."