1943-ஐப் புரட்டியபோது

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 1943-இல் பிறந்தவர்கள், இறந்தவர்கள், நடந்தவை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன், மணி இரண்டாகிவிட்டது. ஜனவரி 7-ஆம் தேதி நியூயார்க் ஓட்டல் அறை ஒன்றில் தனியாளாக மின்சார விஞ்ஞானி டெஸ்லா செத்துப்போகிறார். பிப்ரவரி 2-இல் ரஷ்யாவின் ஸ்டாலின்கிராடில் மிச்சமிருந்த ஜெர்மன் படையும் சரணடைகிறது. அடுத்து இருபதே நாளில், நாஜிகளுக்கு எதிராகத் துண்டறிக்கை விநியோகித்த குற்றத்துக்காக மியூனிக்கில் 21 வயது சோஃபி ஷோலின் தலையை வெட்டுகிறார்கள், கூடவே அவள் அண்ணன் ஹான்ஸையும். துண்டறிக்கைக்கு!

மார்ச் 9-இல் சிகாகோவில் பின்னாளைய செஸ் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் பிறக்கிறான். அதே மாதம் 28-ஆம் தேதி நம்ம தீரர் சத்தியமூர்த்தி காலமாகிறார், அவருடைய சீடர் காமராஜர் அப்போது சிறையில். ஜூனில் பண்ணைப்புரத்தில் இளையராஜா பிறக்கிறார். ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்கிறார், மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்த எத்தனையோ தமிழர்கள் அதில் சேர்ந்தார்கள். அக்டோபரில் சென்னை மேலேயே ஜப்பான்காரன் குண்டு போட்டிருக்கிறான், இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் என்னை அப்படியே நிறுத்தியது வங்கப் பஞ்சம்தான். 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர் வரை செத்ததாகக் கணக்கு, அவர்களில் பெரும்பாலோர் போர்முனையையே பார்க்காதவர்கள். போர்ச் செலவில் விலைவாசி ஏறி, பர்மா அரிசி நின்று, ஜப்பான்காரன் வந்தால் கிடைக்கக்கூடாதென்று அரசாங்கமே ஆற்றுப் படகுகளைப் பறித்து வைத்திருந்த நேரம். பிறந்தநாள் பட்டியல், இறந்தநாள் பட்டியல் எதிலும் அவர்களில் ஒருவர் பெயர்கூட என் கண்ணில் படவில்லை.