சயாம் ரயிலும் ஜான்சி ராணிப் படையும்: ஒரு காதல் நாவலை அச்சேற்றிய அனுபவம்

போர்க்காலக் காதல் கதை என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவள் காத்திருக்கும் பெண். அவன் சண்டைக்குப் போவான், இவள் கடிதத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணை எழுத எனக்கு மனமில்லை. ஜப்பானியர் ஆட்சியில் மலாயா ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவர்களுக்கு உட்கார்ந்து காத்திருக்க நேரமே இருந்திருக்காது என்று புரிந்தது. அப்படி ஒருத்தியை நாயகியாக வைத்து ஒரு காதல் நாவல் எழுதி, புத்தகமாகவும் கொண்டுவந்துவிட்டேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கதையின் முதுகெலும்பு தேதிகளில்தான் கிடைத்தது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்குகிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுகிறது. அப்புறம் தோட்டத்து ஆண்களை சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போகிறார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த சயாம்–பர்மா பாதை முடிந்தது 1943 அக்டோபர் 17. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்றே அமைந்த ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம், கேப்டன் லட்சுமியின் தலைமையில் சிங்கப்பூரில் திறந்தது அக்டோபர் 22. இடையில் ஐந்தே நாள்! தோட்டத்து ஆண் உயிரைக் கொடுத்துப் போட்ட தண்டவாளம் முடிந்த அதே வாரத்தில், தோட்டத்துப் பெண் துப்பாக்கி பிடிக்கப் போகிறாள். அடுத்த ஆண்டு அந்தப் படையின் பெண்கள் பர்மா போனதும் இதே பாதையில்தான்.

இரண்டு தேதியையும் ஒரே பக்கத்தில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் நாயகன் கல் உடைத்த பாதையில் நாயகி ரயிலேறிப் போகிறாள். அவன் இருக்கிறானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. நாவலின் நடு அத்தியாயம் அந்தப் பயணம்தான். அதை முதலில் எழுதிவிட்டு, முன்னும் பின்னும் கதையை வளர்த்தேன்.

தகவல் தேட எனக்குப் பெரிதும் கைகொடுத்தவை சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும், அங்குள்ள தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்களும். குண்டு விழுந்தது, படை வந்தது போன்ற பெரிய செய்திகளை எல்லாப் புத்தகத்திலும் எடுத்துவிடலாம். காதல் கதைக்கு வேண்டியது வேறு. என்ன சாப்பிட்டார்கள், எதை உடுத்தினார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று தேடுங்கள். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்ததும், ஜப்பானியர் அடித்த வாழைமர நோட்டு நாளாக ஆக மதிப்பிழந்ததும் அப்படிக் கிடைத்தவைதான்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கடிகாரம். ஜப்பானியர் மலாயா முழுக்க டோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தார்கள். முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். அதாவது, ஆறு மணி என்றால் பழைய கணக்கில் நாலரை. சூரியன் உதிக்க எட்டு மணி தாண்டிவிடும். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்க, நிற்பவர்களுக்கு முகமே தெரியாத இருட்டு. இதை வைத்து ஒரு காட்சி எழுதினேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் அவன் அவளிடம், “பழைய மணி ஆறுக்கு வந்துரு புள்ள” என்கிறான். ஊரே டோக்கியோ மணியில் ஓட, அவர்கள் இருவருக்கும் மட்டும் பழைய மணி. அவனை லாரியில் ஏற்றிய பிறகும் அவள் மனதுக்குள் அந்தக் கணக்கில்தான் வாழ்கிறாள். ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்ற வரி நாவலில் எங்குமே வராது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

கடிதமும் கிடையாது. சயாம் முகாமிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டுக்குக் கடிதம் போட வழியில்லை. தப்பி வந்தவர் வாயால் வரும் சேதிதான், அதுவும் பாதி தப்பாக. காதலர்களைப் பிரித்துவைக்கக் கதாசிரியர் சூழ்ச்சி எதுவும் செய்ய வேண்டாம், போரே செய்துவிடுகிறது.

ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருந்தேன். பெண்கள் மீது ராணுவம் நடத்திய வன்முறையைக் கதையில் மறைக்கக் கூடாது, ஆனால் அதைக் காதல் கதைக்குச் சூடேற்றவும் பயன்படுத்தக் கூடாது. கைப்பிரதியைப் படித்த ஒரு பதிப்பாளர், “அந்தக் காட்சியை விரிவாக எழுதுங்கள், தீவிரம் வரும்” என்றார். அந்த இடத்தில் நாயகியின் தோழி திரும்பி வந்ததையும், லயத்துப் பெண்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் அவளை நடுவில் படுக்கவைத்துக்கொண்டதையும் மட்டுமே எழுதியிருந்தேன். அதற்கு மேல் ஒரு வரி சேர்க்க மறுத்தேன். கைப்பிரதி திரும்பி வந்தது.

இன்னொரு பதிப்பகத்தில் காதலைக் குறைத்துவிட்டு வரலாற்றைக் கூட்டச் சொன்னார்கள். காதல் இருந்தால் நாவல் மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. காக்கி உடுத்திய அந்தப் பெண்களில் பலர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். அவர்களுக்கு நாட்டின் மீது இருந்த ஆசையை எழுதலாம், ஒருவன் மீது இருந்த ஆசையை எழுதக் கூடாதா?

கடைசியில் ஒரு சிறிய பதிப்பகம் கதையை அப்படியே ஏற்றுக்கொண்டது. அப்புறம் நடந்தவை வழக்கமான வேலைகள். அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம் என்பதால், கடைசி ஃபாரத்தில் வெறும் பக்கம் விழாமல் இருக்கச் சில பத்திகளைச் சுருக்கினேன். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணைப் பதிப்பகமே வாங்கியது. சொந்தமாக வெளியிடுபவர்கள் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம், இந்தியாவில் அதற்குக் கட்டணம் இல்லை. அட்டைக்கு முதலில் வந்த படத்தில், சேலை கட்டிய பெண் ஒருத்தி கடலைப் பார்த்து நின்றாள். படைப்பெண்களின் பழைய புகைப்படங்களை ஓவியருக்கு அனுப்பினேன். தொப்பியும் காக்கியும் போட்டு, நம்மை நேராகப் பார்க்கிற பெண் வந்தாள்.

ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் உரிமை யாருக்கு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். என் ஒப்பந்தத்தில் மலேசியா, சிங்கப்பூர் விற்பனை பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்தக் கதை அந்தத் தோட்டங்களின் பேரப்பிள்ளைகள் கைக்குப் போகாவிட்டால் எனக்குப் பாதி நிறைவுதான். அதனால் அந்த ஒரு பத்திக்காகக் கையெழுத்தைத் தள்ளிப்போட்டேன். கேட்டதும் சேர்த்துக் கொடுத்தார்கள், முதல் அச்சிலேயே அங்கே அனுப்பவும் ஒரு பங்கு ஒதுக்கிவைத்தார்கள்.