அந்தக் கொக்கி எதுக்கு சார்?

ஆறு புதைபடிவக் கல்லையும் தண்ணீரில் போடச் சொன்னது நான்தான். அது தப்பு என்று இன்றும் தோன்றவில்லை. பிளைவுட் டிராயர் கசியும் அசிட்டிக் அமிலம் மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்பை அரிக்கும். மேலே வெள்ளையாய்ப் பூக்கும். பார்க்கப் பூஞ்சை, ஆனால் உப்பு. கல்லில் இருப்பது பிரையோசோவா, கூட்டமாய்ச் சுண்ணாம்புக் கூடு கட்டி வாழ்ந்த குட்டிக் கடலுயிர்கள். அதில் ஓர் உயிரின் அறை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. சுவர் அரித்துவிட்டால் இனம் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. வினிகர் ஆகவே ஆகாது. ஒட்டிய சுண்ணாம்புக்கல்லும் உயிரின் கூடும் ஒரே சரக்கு, சேர்ந்தே கரையும். டிஸ்டில்ட் வாட்டர், மெல்லிய பிரஷ், நிழலில் ஈரம் போகும்வரை உலர்த்தல், பிறகு இரும்பு அலமாரி.

லேபிளை மறந்தேன். அறைகள் இல்லாத பக்கமாகப் பாராலாய்டு என்ற பிசினைத் தடவி, அதன்மேல் இந்தியன் இங்க்கில் எண் போட்டிருந்தால் நின்றிருக்கும். இது பழைய கோந்து. பத்து நிமிடத்தில் கல் எடுத்த ஊர் எழுதிய ஆறு சீட்டும் மிதந்தன: மூன்று கல்லங்குறிச்சி, மூன்று நின்னியூர். இரண்டும் அரியலூர்ப் பக்கம்தான். ஆனால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் ஒழிந்த எல்லைக்கு ஒன்றின் பாறை அப்புறம், ஒன்றின் பாறை இப்புறம். எங்கள் வேலூரில் தோண்டினால் கருங்கல்தான். பதிலுக்கு ஒன்று பொறுக்கிவர வழியில்லை.

கிரைபியா சிப்பிமேல் படர்ந்த இரண்டைக் கல்லங்குறிச்சியில் சேர்த்தேன். அங்கே அந்தச் சிப்பி பாளம் பாளமாய்க் கிடக்கும். மீதி நான்கையும் அட்டெண்டர் வரிசையாக எடுத்து வைத்தார்.

"இது மூணாவதா இருந்தது சார். கல்லங்குறிச்சி."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"வருசக்கணக்கா தொடச்சிக்கினு இருக்கேனே சார். இந்த மூலை ஒடஞ்சது, துணி மாட்டிக்கும்."

அவர் சொன்ன ஊரையே எழுதினேன். பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி.

"அந்தக் கொக்கி எதுக்கு சார்?"

"சந்தேகம்னு அர்த்தம்." டிரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறென்ன செய்ய? அறைக்குள் அடைந்த மண்ணைச் சுரண்டி காலம் காட்டும் நுண்ணிய கூடுகளான ஃபோராமினிஃபெராவைத் தேடலாம், அறைவாய் சிதையும். நுண்ணோக்கியில் பார்க்க 30 மைக்ரான் சீவலுக்கு வெட்டினால் கல் பாதியாகும். கல்லுக்குச் சேதமில்லாத சாட்சி அவர் ஒருவர்தான். அசல் சீட்டு மட்டும் என்ன, பாறைமேல் உட்கார்ந்து எழுதியதா, ராத்திரி லாட்ஜில் ஞாபகத்திலிருந்து எழுதியதா? அதற்கு யாரும் கொக்கி போடவில்லை. கையெழுத்து அழகாயிருந்தது.

போன வாரம் அந்தக் கல்லின் மூலையில் என் பிரஷ் மாட்டியது. ரப்பரைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் மூலை மாட்டுவதிலிருந்து அவருக்குக் கல்லைத் தெரியும் என்றுதானே ஆகிறது, ஊரையும் தெரியும் என்றா? பென்சில் கோடு அப்படியே இருக்கிறது.