அரை எம்எம்

கோயமுத்தூர்ல பதினோரு வருஷம் பம்ப்செட் ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்தேன். வீட்டுக்காரிக்கு இங்கிலாந்துல நர்ஸ் வேலை கிடைச்சதும் டிபென்டன்ட் விசாவுல பெட்டியத் தூக்கிட்டு பின்னாடியே வந்தாச்சு. நாலு மாசம் பார்சல் குடோன்ல டப்பா அடுக்கினேன், அப்புறம் தெரிஞ்சவங்க மூலமா பழைய வண்டி மட்டும் பாக்குற ஒரு சின்ன ஷெட்டுல வேலை கிடைச்சுது. முதலாளிக்கு எழுபது வயசு இருக்கும். பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னாரு, எனக்கு வாய் வரவே இல்லை, ஒரு வாரம் சார் சார்னு கூப்பிட்டு அவரு மொறைக்க, கடைசியில பேரே சொல்லாம "அது வந்து..."ன்னு ஆரம்பிச்சு பேசிப் பழகிட்டேன், இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் ஓடுது.

எனக்குன்னு தனியா குடுத்த முதல் பெரிய வேலை ஒரு லேண்ட் ரோவர். சீரீஸ் டூ ஏ, 88 இன்ச் வீல்பேஸ், அறுபதுகள்ல சோலிஹல்ல செஞ்சது. பாடி அலுமினிய கலவைங்கிறதால (போர் முடிஞ்ச காலத்துல ஸ்டீல் கிடைக்கலைன்னு அப்படி ஆரம்பிச்சாங்களாம்) மேல பாத்தா வண்டி ஜம்முனு இருக்கும். கீழ சேஸி மட்டும் இரும்பு. இந்த ஊர்ல குளிர்காலத்துல பனி உறையக் கூடாதுன்னு ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அந்த உப்புத்தண்ணி அடியில போய் உக்காந்து இரும்பத் தின்னுடும். பிரேக் பைப்பும் ஸ்டீல்தான். க்ளிப் மாட்டுன இடத்துல சேறு சேர்ந்து நிக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால லேசா சுரண்டினா பொரபொரன்னு உதிருது. இதுல வயித்தக் கலக்குற விஷயம் என்னன்னா இந்த வண்டிக்கு ஒரே ஒரு பிரேக் லைன்தான். இப்ப வர்ற வண்டியில ரெண்டு சர்க்யூட், ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கும். இதுல எங்க ஓட்டை விழுந்தாலும் நாலு வீலுக்கும் பிரேக் கிடையாது.

மொத்த பைப்பையும் புதுசா போட்டுடலாம்னு முடிவாச்சு. கடையில ரெடிமேட் செட் கிடைக்கும், ஆனா அவருக்கு கையில செய்யணும். 25 அடி ரோல் ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு, குனிஃபர்னு சொல்றாங்க, செம்புல பத்து பர்சன்ட் நிக்கல் கலந்தது, கொஞ்சம் இரும்பும் உண்டு, அந்த மூணு உலோகத்தோட குறியீட்டையும் சேர்த்துதான் பேரே வச்சிருக்காங்க. துரு பிடிக்காது, கையாலயே வளைக்கலாம். வெறும் செம்பு இன்னும் மெத்துனு வளையும், ஆனா வண்டி அதிர அதிர இறுகிப்போய் ஒரு நாள் விரிசல் விடும்னு அவரு அதத் தொடவே மாட்டாரு.

கணக்கெல்லாம் இன்ச்சுலதான். பைப் 3/16 இன்ச், நம்ம கணக்குல 4.75 எம்எம். நட்டு 3/8 யூஎன்எஃப், அதாவது இன்ச் கணக்குல வர்ற நெருக்கமான மரை, இன்ச்சுக்கு 24. ஸ்பேனர் 7/16. நம்ம 11 எம்எம் ஸ்பேனர் அதுல சில நேரம் இறங்கும், சில நேரம் அடம்பிடிக்கும்.

பைப் செய்யறது பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். பழைய பைப்ப பக்கத்துல வச்சு நூல் பிடிச்சு அளந்து, கட்டர்ல சுத்திச் சுத்தி வெட்டி, உள் விளிம்புல பிசிறு எடுத்து, ஃப்ளேரிங் டூல்ல பிடிச்சு நுனிய அமுக்கணும். வெளிப்பக்கம் மரை இருக்கிற ஆண் நட்டுக்கு ஒத்தை ஃப்ளேர், குடை காளான் மாதிரி வெளிய புடைச்சு வரும், உள்பக்கம் மரை இருக்கிற பெண் நட்டுக்கு அதையே இன்னொரு தடவ உள்ள மடக்கி டபுள் ஃப்ளேர். முதல் நாள் நான் போட்டது அத்தனையும் ஒரு பக்கமா சாஞ்சுது. வெட்டுன முனை நேரா இல்லைன்னா காளானும் கோணிக்கும். அடுத்த கூத்து, ரெண்டு முனையும் அழகா ஃப்ளேர் பண்ணி முடிச்சுட்டு பாத்தா நட்டு மேசை மேலயே இருக்கு, ஃப்ளேர் போடறதுக்கு முன்னாடியே அத பைப்புக்குள்ள கோத்திருக்கணும். இது எல்லாரும் பண்றதுதான்னு அவரு சமாதானம் சொன்னாரு. அன்னைக்கு மட்டும் நான் மூணு தடவ பண்ணேன்.

முதல் பைப்ப மாட்டும்போது என் கை தன்னால பையில டெஃப்லான் டேப்ப தேடுச்சு. பம்ப்செட்டுல அதுதானே சர்வரோக நிவாரணி! அவரு பாத்துட்டு ஒரு நிமிஷம் வாயே திறக்கல. அப்புறம் ஒரு ஃப்ளேரையும் ஒரு வெட்டுன பழைய வீல் சிலிண்டரையும் கையில குடுத்து உள்ள பாருன்னாரு. மரை பைப்ப அமுக்கிப் பிடிக்க மட்டும்தான், அடைக்கிறது அந்த காளான் போய் உக்கார்ற இடம். டேப் சுத்துனா ஒரு பிரயோஜனமும் இல்லை, நூல் பிரிஞ்சு லைனுக்குள்ள போனா இருக்கிறதும் கெடும். பதினோரு வருஷ சர்வீஸ் பையிலயே சுருண்டு படுத்துக்கிச்சு.

ஒரு வாரத்துல பின்னாடி ஆக்ஸில் வரைக்கும் வந்துட்டேன். நடுவுல T எழுத்து மாதிரி ஒரு டீ ஜாயின்ட், அதுல இருந்து வலது இடதுன்னு ரெண்டு பைப் சக்கரத்துக்குப் போகும். பழைய நட்டெல்லாம் துருவுல பைப்போட ஒட்டிக்கிட்டதால ஆக்ஸா ப்ளேட்ல அறுத்துப் போட்டுட்டு புதுசு மாட்டினேன். இடது பக்க நட்டு டீக்குள்ள விரல்லயே சர்ருனு கடைசி வரைக்கும் போச்சு. மத்த இடத்துலெல்லாம் கொஞ்சம் கரகரன்னு போன நட்டு இங்க வெண்ணெய்ல கத்தி மாதிரி இறங்குச்சு. கை பழகிடுச்சுடான்னு எனக்கு ஒரே சந்தோஷம். ஸ்பேனர் போட்டேன், இறுகுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து ஏர் எடுத்தோம், அவரு மேல பெடல், நான் கீழ பாட்டில், குமிழி நிக்கிற வரைக்கும். பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. சாயந்தரம் கிளம்பும்போது சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கட்டையக் குடுத்து அமுக்கி வச்சுட்டு, ஆக்ஸிலுக்கு அடியில ஒரு பழைய அட்டைய விரிச்சாரு.

காலைல அட்டையில ஒரு ரூபா காசு அளவுக்கு ஈரம்.

ஒரு சொட்டுதான். நான் ஸ்பேனர எடுத்து இன்னொரு கால் சுத்து குடுக்கப் போனேன். வேண்டாம், கழட்டுன்னாரு. கழட்டினா மரை நுனியில பித்தளைப் பொடி மாதிரி மினுமினுப்பு. ஸ்க்ராப் டின்ன கவுத்து நான் அறுத்துப் போட்ட பழைய நட்டையெல்லாம் தேடச் சொன்னாரு, அரை மணி நேரம் துழாவி டீல இருந்தத கண்டுபிடிச்சு வெர்னியர் வச்சு அளந்தா கிட்டத்தட்ட 10 எம்எம். மெட்ரிக் மரை, எம்10, பிட்ச் 1, அதாவது மரைக்கு மரை 1 எம்எம் தூரம். யாரோ எந்தக் காலத்துலயோ புது வண்டியோட டீயையும் ஹோஸையும் பிடுங்கி இதுல மாட்டியிருக்காங்க. என்னோட 3/8 நட்டு 9.5 எம்எம். இன்ச்சுக்கு 24ன்னா பிட்ச் 1.06, அதனால மரை மேல மரை ஒப்புக்கு தொட்டுக்கிட்டு உள்ள போயிருக்கு. எம்10 நட்டு யூஎன்எஃப் ஓட்டையில போகவே போகாது, அதனால அந்தத் தப்பு நடக்காது. 3/8 நட்டு எம்10 ஓட்டையிலதான் போகும். வண்டிய இறக்கத்துல விட்டு முழு பலத்தோட பெடல மிதிச்சிருந்தா அந்த நட்டு பிடுங்கிட்டு வந்திருக்கலாம்.

திட்டுவாருன்னு நின்னேன். திட்டல, டீயக் கூட ஆத்தாம ஒரே மடக்குல குடிச்சுட்டு, அடுத்த தடவ எந்த நட்டாவது சுகமா இறங்குனா கூப்பிடுன்னு மட்டும் சொன்னாரு. அவரு திட்டியிருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

இங்க 40 வருஷம் தாண்டுன வண்டி, பெருசா எதையும் மாத்தாம இருந்தா, 2018 மே மாசத்துல இருந்து வருஷாந்திர எம்ஓடி டெஸ்ட் (வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான்னு பாக்குற சோதனை) கட்டாயம் இல்லை. அதாவது நான் மாட்டுன அந்த நட்ட எனக்கப்புறம் சட்டப்படி பாக்க ஒரு ஆளும் இல்லை. அந்த அட்டைத்துண்டுதான் இருந்துச்சு.

பழைய அளவுலயே டீயும் ஹோஸும் வரவழைச்சு, ரெண்டு பைப்பையும் புதுசா செஞ்சு, மறுபடி கட்டை வச்சு ரெண்டு ராத்திரி விட்டோம். அட்டை காஞ்சே இருந்துச்சு. ஓனர் வந்தாரு, பெயின்ட தடவிப் பாத்தாரு, ஹார்ன் அடிச்சாரு, கேன்வாஸ் கூரை எப்ப வரும்னு கேட்டாரு. குனிஞ்சு கீழ பாப்பாருன்னு நான் டார்ச்செல்லாம் கையில வச்சுட்டு நின்னேன். பாக்கல. ஓட்டிட்டுப் போயிட்டாரு.

அன்னைக்கு வீட்ல வாஷிங் மெஷின்ல இருந்து வீட்டுக்காரி ரெண்டு நட்டு எடுத்து நீட்டினா, என் பேன்ட் பாக்கெட்ல கிடந்தது. அந்தத் தப்பு நட்டும் அதுக்கு சரியான நட்டும் ஞாபகத்துக்கு எடுத்து வச்சிருந்தேன். துணியோட உருண்டு ரெண்டும் பளிச்சுனு இருந்துச்சு. "இதுல எதுங்க உங்கள காலி பண்ணுனது?"ன்னா. விளக்குக்கு அடியில பிடிச்சுப் பாத்தேன், விரல்ல உருட்டிப் பாத்தேன், கண்ண மூடி நகத்தால மரையத் தடவிப் பாத்தேன். வெர்னியர் ஷெட்டுல இருக்கு, நாளைக்கு சொல்றேன்னு சொல்லிட்டேன்.