காலியான இருக்கை

காலையில் தாமான் ஜெயாவில் எல்ஆர்டி ரயில் ஏறினேன். நிற்கவே இடமில்லை. ஆனால் அந்த அக்காவுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி.

கழுத்திலும் கையிலும் பட்டாணி பட்டாணியாய்க் கட்டிகள்.

உட்கார்ந்தேன். "ஒட்டாதும்மா" என்றார். நான் எதுவுமே கேட்கவில்லை.

பார்த்ததும் தெரிந்தது. தம்பி மகனுக்கும் நியூரோஃபைப்ரோமடோசிஸ்தான், முதல் வகை. உடம்பெல்லாம் பால்காபி நிறத்தில் தேமல் மாதிரித் திட்டுகள். 17ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு பழுதானால் நரம்புகளில் கட்டி வளர்கிறது. ஏறக்குறைய 3000 பேரில் ஒருவருக்கு. அதில் பாதிப் பேருக்கு அப்பா அம்மாவிடமிருந்து வந்ததே இல்லை, புதிதாக முளைப்பது. எங்கள் அத்தை மட்டும் இன்னும் கிரகணத்தைத்தான் குற்றம் சொல்கிறார். அவரை விடுங்கள்.

கேஎல் சென்ட்ரலில் இறங்கும்போது அக்கா சட்டைக் கையை இழுத்து விரல்வரை மூடிக்கொண்டார்.