அக்காவின் படம் இருந்த கட்டம்

"அந்தப் பட்டனை மட்டும் எடுத்துவிடுங்க தங்கச்சி" என்று அக்கா கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அவருடைய தம்பிக்காக நான் வடிவமைத்துக் கொடுத்த டப்லெட் திரையில் ஆறு கட்டங்கள். ஒன்றில் அக்காவின் படம். தொட்டால் அவருக்குக் கோல் போகும். அவர் நிலாவெளியிலிருந்து பஸ் ஏறி வந்து டவுனில் கவுண்டர் வேலை பார்க்கிறவர். சனம் வரிசையில் நிற்கும்போதெல்லாம் போன் அடிக்கும். தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். அக்காவின் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாராம்.

எடுத்துவிட்டேன். செட்டிங்ஸைத் திறக்கும் பின் இலக்கத்தையும் அக்காவிடமே கொடுத்தேன். இது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. ஆப்பிளின் ஐஓஎஸ் 17 உடன் 2023இல் வந்த, திரையை எளிமையாக்கும் அசிஸ்டிவ் அக்சஸ் வசதியையும் நம்பிக்கையான ஒருவர் அமைத்துக் கொடுப்பதாகத்தான் வைத்திருக்கிறார்கள். யாருக்குக் கோல் எடுக்கலாம் என்பதையும் அவரே தெரிவு செய்யலாம்.

மற்றக் கட்டங்களை நான் நகர்த்தவில்லை. எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குப் பழகிய திரையைக் குழப்பக் கூடாது. அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அதனாலேயே அந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. தம்பி அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார் என்று அக்கா சொன்னார். "பட்டன் இல்லாட்டி மறந்துடுவான் எண்டு நினைச்சன்." நகர்த்தியிருந்தால் மறந்திருப்பாரோ? அப்படியென்றால் நான் நல்ல வடிவமைப்பு என்று செய்ததுதான் அவருக்குத் தினமும் நினைவூட்டுகிறதா?

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி, அறிவாற்றல், கற்றல் குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்து 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் எட்டு நோக்கங்கள். கடைசியானது, பயனர் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வழிவிடுவது. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா சாசனமும் சொந்தத் தெரிவுக்கான சுதந்திரத்தை அடிப்படைக் கொள்கையாகச் சொல்கிறது. இரண்டையும் கூட்டங்களில் நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சரி, அக்காவின் வேலை போனால் அந்த வீட்டில் டப்லெட் யாருக்கு? சாசனம் கவுண்டரில் வந்து நிற்காது. இப்படிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உரத்துப் போவதையும் கவனிக்கிறேன்.

அப்புறம் அக்காவே ஒரு வழி சொன்னார்: வேலை முடிந்த பிறகு மட்டும் பட்டன் வரட்டும். நல்ல யோசனை. ஆனால் நேரம் பார்க்கத் தெரியாதவருக்கு, ஒரு பட்டன் தானாக வந்து தானாகப் போவது வெறும் கட்டத்தைவிடக் குழப்பமாக இருக்காதா? படத்தை அங்கேயே மங்கலாக வைத்து, தொட்டால் "அக்கா வேலையில் இருக்கிறேன், வந்துடுவேன்" என்று அக்காவின் குரலே கேட்கும்படி செய்யலாம். தம்பிக்கு வேண்டியது குரல்தானே என்று எனக்கு ஒரு எண்ணம். அக்கா இதற்குச் சம்மதிக்கவில்லை. "அது அவனை ஏமாத்திற மாதிரி" என்றார்.

பட்டனை எடுத்தது ஏமாற்று இல்லையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இரண்டு விதமாகவும் செய்து வைத்திருக்கிறேன். எதைப் போடுவது என்று தம்பியிடமே காட்டிக் கேட்கலாம் என்றேன். அதற்கு அக்கா, "கேட்டா அவன் கோல் பட்டனைத்தான் கேட்பான்" என்றார்.